குங்குமம் வைத்த வாள்

அக்டோபர் 13, திங்கள்.

தவறு என்னுடையது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் பழம்பொருள் கடையிலிருந்த வாள்களைப் படம் எடுத்தேன். சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைக்க மறந்துவிட்டேன்.

முதலாளி உமையப்பன் திட்டவில்லை. பொட்டு நன்றாக விழுந்த ஒரு படத்தை எடுத்து இணையத்தில் விற்பனைக்குப் போட்டார். விவரமும் அவரே எழுதினார்.

"முந்நூறு ஆண்டுப் பழமை. கோயில் பூஜையில் இருந்தது. மூன்று போர் கண்டது."

பூஜை நம் கடையில்தானே நடந்தது என்றேன்.

"பூஜை பூஜைதானேம்மா."

பழம்பொருளை விவரிக்கும்போது கண்ணால் கண்டதை மட்டும் எழுது என்கிறார்கள், நான் தொல்பொருள் படிக்கும் மாலை வகுப்பில்.

நான் கண்டது: வாள் போன ஆடியில் பட்டறையிலிருந்து வந்தது. புளியும் உப்பும் தடவித் துருப்பிடிக்க வைத்தவள் நான். கைப்பிடிக்குக் கீழே இருந்த பட்டறை முத்திரையை உப்புத்தாளால் தேய்த்தவளும் நான்.

அதை யாரும் எழுதவில்லை.

இன்று ஒரு கிராமத்துப் பூசாரி வந்தார். கூடவே போலீஸ் ஏட்டு. எட்டு வருடம் முன்பு அவர்கள் கோயிலில் களவுபோன வாள் இதுதானாம்.

"புதுசுங்க! சத்தியமா புதுசு!"

முதலாளி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஏட்டு கைபேசியை எடுத்து விவரத்தை உரக்கப் படித்தார். ஒரு வரி விடவில்லை.

"மூணு போராமே. எந்தெந்தப் போர்?"

"அது வியாபாரத்துக்கு எழுதுறதுங்க."

"பில்லு?"

இல்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு துரு எதுக்கும்மா பிடிக்க வச்ச?"

ஆடியில் இதே துருவுக்குத்தான் என்னைப் பாராட்டினார்.

நாளை காலை பத்து மணிக்குள் வாள் புதிது என்று ஏட்டிடம் காட்ட வேண்டும். இல்லையென்றால் திருட்டு வழக்கு.

பூசாரி எங்கள் சண்டையைக் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றினார். வாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பட்டறை வாள் என்று தெரிந்திருந்தும் நான் கைகூப்பினேன். ஏன் என்று தெரியவில்லை.

அவர் ஊருக்குப் போக மறுத்துவிட்டார். கடைக்குள் கற்பூரம் எரிகிறது. வாள் இப்போது நிஜமாகவே பூஜையில் இருக்கிறது.

நாளை: பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சீக்கிரம் போக வேண்டும். நான் தேய்த்த இடத்தில் முத்திரை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பூசாரியின் முன்னால்.