இன்னும் கொஞ்சம் வரலாம்

மட்டாஞ்சேரி சந்து முனையில் தன் பழைய மாருதியை நிறுத்திவிட்டு, செல்லப்பா யூசுப்பின் கார் சாமான் கடைக்குள் வந்தார்.

“வண்டிக்குப் பின்னாடி பார்க்கிங் சென்சார் வைக்கணும் யூசுப்பே. பீப் சத்தம் வேண்டாம். நாம பதியற குரல் கேக்கற மாதிரி ஏதாவது உண்டா?”

“உண்டு சேட்டா. ஆனா உங்களுக்கு எதுக்கு சென்சார்? அமுதவள்ளி சேச்சி பின்னாடி நின்னு ‘வரலாம், வரலாம்’னு கத்தினா ஊரே ஒதுங்குமே.”

“இனிமே அவ குரல் கேக்காது யூசுப்பே.”

யூசுப்பின் சிரிப்பு அடங்கியது. “படைச்சவனே... ஞான் அறிஞ்சில்ல சேட்டா. எப்போ?”

“நாளைக்குக் காலையில.”

யூசுப் புரியாமல் விழித்தான்.

“தொண்டையில புற்று. எர்ணாகுளத்துல ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துடுவாங்களாம்.”

வெளியே கார்க் கதவு திறந்தது. கழுத்தில் துண்டு சுற்றியிருந்த அவர் மனைவி அமுதவள்ளி இறங்கி, வழக்கம்போல் வண்டியின் பின்னால் போய் நின்றாள். செல்லப்பா வெளியே போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். யூசுப் அவள் பக்கத்தில் போய் கைபேசியில் பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

“வரலாம்... வரலாம்... இன்னும் கொஞ்சம் வரலாம்...” கரகரத்த குரல் சற்றுத் தயங்கியது. “போதும், நில்லுங்க.”

எஞ்சின் ஓடவில்லை. ஆனாலும் செல்லப்பாவின் கால் பிரேக்கை அழுத்தியிருந்தது.