கவிழ்த்த வள்ளம்

அவள் வள்ளத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள்.

வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே இருட்டு. கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் பலகை இடுக்குகளில் மட்டும் வெளிச்சம் கோடு கோடாக இறங்கியது.

வெளியிலிருந்து அவள் புருஷன் பஞ்சுத் திரியை இடுக்கில் வைத்து உளியால் அடித்துக்கொண்டே வந்தான். அடிக்க அடிக்க ஒவ்வொரு கோடாக அணைந்தது. எங்கே அணையவில்லை என்று காட்டத்தான் அவள் உள்ளே கிடந்தாள்.

வாயால் சொல்லவில்லை. பலகையில் தட்டினாள்.

வள்ளம் கடலுக்குள் இருக்கும் பாரில் ஏறியதிலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை.

பட்டப்பகலில் ஏறியது. தண்ணீருக்குள் கிடக்கும் அந்தப் பாறைத் திட்டை அந்தக் கரையிலிருந்து கடலுக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும். தண்ணீரின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். மாமனார் காலத்து வள்ளம். அந்த வழியில் எத்தனையோ வருஷம் போய் வந்தது. எப்போதும் முன்னால் உட்கார்ந்து போகும் கூட்டாளி பூமிநாதன் அன்றைக்குப் பார்த்து வரவில்லை. இவன் தனியாகப் போனான். அடிப்பலகை உடைந்து கிடந்த வள்ளத்தை மற்றவர்கள் போய் இழுத்துவந்து போட்டார்கள்.

"நம்புராஜன் போதையில இருந்திருப்பான்" என்றான் கரையில் ஒருவன்.

இவன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். குடிகாரனோடு இனிப் போக முடியாது என்று பூமிநாதன் வேறு வள்ளத்துக்குப் போய்விட்டான்.

மகள் பிறந்ததும் விட்ட குடி. மறுபடி தொட்டுவிட்டான் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"முடிஞ்சிருச்சு." வெளியிலிருந்து குரல் வந்தது.

முடியவில்லை. புதுப் பலகை பழைய பலகையோடு சேரும் இடத்தில், ஓரம் சிதைந்து, விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது.

தட்டினாள்.

"எங்க?"

அதே இடத்தில் மறுபடி தட்டினாள். அவன் குனிந்தான். அவன் நிழல் அந்த வெளிச்சத்தில் விழுந்தது.

"அதான் அடச்சாச்சே."

அவளுக்கு எரிச்சல் வந்தது. சுண்டுவிரலை இடுக்குக்குள் விட்டு, வெளியே நீட்டி ஆட்டினாள்.

"எந்த எடத்துல?" என்றான்.

ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பலகை மேல் உள்ளங்கை உரசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. மெதுவாக, மேலிருந்து கீழே. விரலில் பட்டதும் நின்றது.



அவள் விரலை எடுத்துக்கொண்டு இடுக்கில் கண்ணை வைத்தாள். ஒரு முழத் தூரத்தில் அவன் முகம். கண்மணியில் பால் சிந்தியதுபோல ஒரு வெண்மை. முகம் கொடுக்காமல் இருந்ததில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அதற்கு முன்னால் மட்டும் எப்போது கவனித்தாள்? விடியுமுன் கடலுக்குப் போவான். இருட்டிய பிறகு வந்து சாப்பிடுவான்.

அவன் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை.

குடிகாரனை நாலு நாள் ஏசுவார்கள். பிறகு சேர்த்துக்கொள்வார்கள். கண் தெரியாதவன் கையில் சுக்கானை யார் விட்டுவைப்பார்கள்?

ஊர் ஏசியதை வாங்கிக்கொண்டான். அவள் பேசாமல் இருந்ததையும் வாங்கிக்கொண்டான்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கொஞ்சம் கீழ," என்றாள்.

உளியின் நுனி பலகையில் பட்டது.

"இன்னும் கீழ. ஆங், அங்கதான். பஞ்ச ரெட்டையா வச்சு அடிங்க."

அடித்தான். வெளிச்சம் அணைந்தது.

இடுக்குகள் மேல் குங்கிலியப் பிசின் பூசி, அது காய்ந்ததும், ஆட்களைக் கூப்பிட்டு வள்ளத்தை நிமிர்த்தினார்கள். தண்ணீரில் தள்ளினார்கள். உள்ளே ஒரு சொட்டு ஏறவில்லை.

அவன் சுக்கானைப் பிடித்தபோது அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க வார?"

"கடல்பாசி எடுக்க."

"பொம்பளைங்கள ஏத்திக்கிட்டு ஒரு வள்ளம் போகுதுல்ல."

"அதுல எடமில்ல."

இடம் இருந்தது. அந்த வள்ளத்துப் பெண்கள் இவளைப் பார்த்துக்கொண்டுதான் கடந்து போனார்கள்.

கச்சான் காற்று பாயை நிரப்பியது. கரை பின்வாங்கியது.

அந்தப் பாரை அவளுக்கு மேலிருந்து தெரியாது, உள்ளிருந்து தெரியும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, கல் கல்லாகத் தடவிப் பாசி பறித்தவள். எந்தக் கல் எவ்வளவு உயரம், எந்த இரண்டு கல்லுக்கு நடுவே மணல் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும்.

"எடக்கைப் பக்கம்," என்றாள்.

வள்ளம் திரும்பியது.

"இன்னும். போதும்."

ஏன் சொல்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. வலப்பக்கம் பழுப்பும் பச்சையுமாகப் பார் வழுக்கிக்கொண்டு போனது. வெகுநேரம் போனதுபோல இருந்தது. பிறகு தண்ணீர் கருநீலமாயிற்று.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏ காளி."

"ம்."

"ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துல கண்ணு பாக்க டாக்டருங்க வாராங்கன்னு ஆட்டோல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போனான்ல?"

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அவன் வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

"சொன்னான்."

"எப்ப வரணுமாம்?"

"காலையில," என்றாள். "நேரத்தோட போயிருவோம்."

அவன் பாய்க் கயிற்றை இழுத்துப் பிடித்தான். அது முறுகியது.

"இப்ப நேரா விடுங்க," என்றாள். "ஆழம் வந்திருச்சு."