பத்து நிமிடப் பரிசு

ஆதிரையின் கைபேசியைப் பத்திரிகைக்காரி வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். யன்னல் இல்லாத அறை. கதவுக்கு வெளியே மலை மாதிரி ஒரு காவலாளி.

"அன்ரி, எனக்கு மூச்சு முட்டுது. நான் வீட்டை போறன்."

"ஏலாது பிள்ளை. நீதானே வெண்டனீ. நீ போனா என்னையும் வெளியிலை விட்டுடுவினம்."

வென்றாளாம்! 'பாடகர் றிக்கோவுடன் பத்து நிமிடம்' என்று இளசுகளின் பத்திரிகை ஒன்றில் போட்டி வந்திருந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். துணைக்குப் பெரியவர் ஒருவர் வரலாம். அண்மையில்தான் ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகருக்குக் குடிவந்த பக்கத்து வீட்டு யோகம் அன்ரி, ஆதிரையின் பெயரில் நாற்பது கூப்பன் நிரப்பி அனுப்பிவிட்டார். பாவம் பார்த்துத் தலையாட்டியதற்கு ஆதிரை இப்போது அனுபவிக்கிறாள். றிக்கோவின் பாட்டைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சல் வரும்.

அன்ரி மடியிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். றோல்ஸ்.

"இறால் றோல்ஸே அன்ரி? அவர் பிரேசிலிலை பிறந்தவராம், இறால் எண்டா உயிராம். பத்திரிகையிலை கிடக்கு."

"விசர்ப் பேப்பர். இறால் பட்டாலே அவனுக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போகும். இது மரக்கறி."

ஐம்பது வயதில் இப்படியும் ஒரு ரசிகையா! ஆதிரைக்கு வெட்கமாக இருந்தது.

"நாலு தரம் அவன்ரை கொம்பனி வாசலிலை நிண்டு பாத்திட்டன். உள்ளுக்கு விடேல்லை. இண்டைக்கும் பாக்காட்டி எனக்கு வேறை வழியில்லை பிள்ளை."

கதவு திறந்தது. றிக்கோ வந்தான். அவனை ஒட்டியபடியே மனேஜரும் வந்தார்.

"டொச்சில் மட்டும் பேசவேண்டும். சொந்த விஷயம் எதுவும் கேட்கக்கூடாது" என்று மனேஜர் ஜேர்மன் மொழியிலேயே அறிவித்தார்.

அன்ரியைக் கண்டதும் றிக்கோவின் கையிலிருந்த பேனா விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது, சுவரொட்டிகளில் இருக்கும் அதே சிரிப்பு முகத்துக்கு வந்திருந்தது. ஆதிரைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அத்தனை பாடுபட்டு வந்த அன்ரி சாப்பாட்டுப் பெட்டியை அவனிடம் நீட்டினார். கண் நிறைந்திருந்தது.

"நேரமாகிவிட்டது. கடைசிப் படம்!" மனேஜர் கமெராவைத் தூக்கினார்.

றிக்கோ அன்ரியின் தோளை அணைத்துக்கொண்டான். கமெராவுக்குக் காட்டிய சிரிப்பு கொஞ்சமும் மாறாமல், அன்ரிக்கும் பக்கத்தில் நின்ற ஆதிரைக்கும் மட்டும் கேட்கும்படி, மெல்லத் தமிழில் கேட்டான்:

"அம்மா, இறால் போடேல்லைத்தானே?"