மாத்திரை இல்லாத வாரங்கள்

கூடத்தில் அவள் கணவர் சிரித்தார்.

சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

போனில் ரெஜினா டீச்சர். அவர் நடத்தும் கோயில் பாடற்குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவள். ஈஸ்டருக்கு எந்தப் பாட்டு என்று பேச்சு. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் சிரிக்கிறார். மறுபடியும்.

அவளுக்குள் சுருக்கென்றது.

இடது பக்கம். மார்பை எடுத்துவிட்ட இடத்தில், தழும்புக்குக் கீழே. வலி என்றுதான் முதலில் நினைத்தாள். வலிக்கு இவ்வளவு சூடு கிடையாது.

அசையாமல் கவனித்தாள். வீட்டுக்குள் நுழைந்த பூனையை விரட்டாமல், எங்கேதான் போகிறது பார்ப்போம் என்று நிற்பதுபோல.

பொறாமை.

சந்தேகமே இல்லை. அதுதான். அறுபத்திரண்டு வயதில்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது.

மார்புக் கட்டிக்கு ஆபரேஷனும், கரண்டு வைத்தியம் என்கிற கதிர்வீச்சும் முடிந்த பிறகு ஒரு மாத்திரை வந்தது. தினம் ஒன்று, வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும். பெண்களுக்குச் சுரக்கும் ஹார்மோன்தான் உங்கள் கட்டிக்குத் தீனி, அதை நிறுத்த வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதுதான் எனக்கு எப்போதோ நின்றுவிட்டதே என்றாள் அவள். மாதவிலக்குதான் நின்றது, கொழுப்பிலும் தோலிலும் உடம்பு இன்னும் கொஞ்சம் கொஞ்சம் தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது, மாத்திரை அதையும் நிறுத்தும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இடுப்புச் சதையைப் பிடித்துப் பார்த்தாள்.

இங்கேயா?

இத்தனை வருடம், என்னிடம்கூடச் சொல்லாமலா?

ஒரு வருடத்தில் மாத்திரை அவளது விரல் மூட்டுகளைப் பூட்டிப்போட்டது. காலையில் ஜாக்கெட் கொக்கி மாட்ட அவர் வர வேண்டியிருந்தது. ஒன்றும் பேசாமல் மாட்டிவிட்டுப் போவார்.

சில வாரம் நிறுத்திப் பார்ப்போம், வலி குறைகிறதா என்று மட்டும் கவனித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா.

குறைந்துவிட்டது. வெங்காயத் தோல் நகத்துக்கு அடங்கி வருகிறது. இன்று சாயங்காலம் போய்ச் சொல்ல வேண்டும். அதே மாத்திரையோ, அந்த வகையில் வேறொன்றோ, மறுபடி தொடங்கும். தொடங்காவிட்டால் நோய் திரும்பலாம். அதை டாக்டரம்மா மறைக்கவில்லை.

உள்ளே சுருக்கென்ற இதை யாரும் கவனிக்கச் சொல்லவில்லை.

போன வருடம் முழுக்க அவள் நிதானமாக இருந்தாள். மருமகள் கிறிஸ்துமஸுக்கு வராதபோது கோபம் வரவில்லை. இதே ரெஜினா வீட்டுக்கு வந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்து பாடிக் காட்டியபோது காபி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டாள். சாவைப் பார்த்துவிட்டு வந்தவள், பக்குவப்பட்டுவிட்டாள் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள்.

அவளும் நம்பினாள். உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

அந்தப் பக்குவம் மாத்திரையா?

அப்படியானால் அதற்கு முன்பு? அவரோடு போட்ட சண்டைகள், சாப்பிடாமல் படுத்தது, படுத்தபடியே அவர் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்தது. அதெல்லாம் இந்தச் சதையில் ஊறியதா?

இரண்டில் எவள் நான்?

தெரியவில்லை. மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்.

ஆனால் சூடு அங்கேயே இருந்தது. தொட்டுப் பார்க்கலாம் போல.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? எவ்வளவு காலம் கிடைக்கிறதோ கிடைக்கட்டும், இதோடு இருந்துவிட்டுப் போகிறேன் என்று?

அந்த நினைப்பு பயமுறுத்தவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

போனை வைத்துவிட்டு அவர் தண்ணீர் குடிக்க வந்தார்.

“அவகிட்ட அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?”

கேட்க நினைக்கவில்லை. வந்துவிட்டது. பழைய குரல், முனையில் முள் வைத்த குரல்.

செம்பை வாய்க்குத் தூக்கியவர் அப்படியே நின்றார். முதலில் திடுக்கிட்டதுபோல. பிறகு அவர் முகம் மெல்ல மெல்ல, தொலைத்ததைக் கண்டெடுத்தவர் முகம்போல ஆனது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பழைய குரல் ஒரு வருடமாகக் காணாமல் போயிருந்தது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஒவ்வொரு காலையும் கொக்கி மாட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் போன அந்த மனிதருக்கு.

“சாயங்காலத்துலேர்ந்து மாத்திர மறுபடி உண்டுல்ல?” என்றார். குரலில் சத்தமே இல்லை.

அவள் இப்படி ஆகிவிட்ட அந்த முகத்தைப் பார்த்தாள். இதை இன்னும் நிறைய நாள் பார்க்க வேண்டும் போலிருந்தது. உள்ளே சூடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

“உண்டு” என்றாள்.

அவர் தலையாட்டினார். தண்ணீரைக் குடிக்காமலே செம்பை மேடைமேல் வைத்தார்.

“அப்ப இன்னொரு தடவ கேளேன்.”

கேட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பெண் என்ன உடுத்தியிருந்தாள் என்று சொல்லத் தெரியாதவர், சுவரில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, யோசித்து யோசித்து, ரெஜினா டீச்சரின் மாம்பழக் கலர் சேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.