சேற்றுக்குப் போட்ட லாக்

பின்சக்கரங்களைச் சுழற்றும் புது டிஃபரன்ஷியலின் கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு மெக்கானிக் பிக்கப்புக்கு அடியிலிருந்து வெளியே வருகிறார். தட்டில் வடித்த கறுப்பு ஆயிலுக்குள் பழைய பல்சக்கரத்தின் உடைந்த பற்கள் மாலை வெயிலில் மினுங்குகின்றன. அதில் ஒன்றை எடுத்து வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருக்கிறார் வண்டிக்காரப் பெரியவர். “சேத்துல சிக்குனா ரெண்டு பின்சக்கரத்தையும் ஒண்ணாப் பூட்டத்தான் இந்த லாக்கு. தார் ரோட்டுல போட்டுக்கிட்டே ஓட்டுனா திருப்பத்துல பல்லு உடையாம என்னய்யா செய்யும்?” என்கிறார் மெக்கானிக். பெரியவர் நிமிரவில்லை. “எம் பையன் தவறிப்போயி நாலு மாசமாச்சு தம்பி. கடைசியா அவன் வண்டிய நிறுத்துனப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே ஓட்டுறேன். எதையும் தொட மனசு வரல.” மெக்கானிக் வண்டிக் கதவைத் திறக்கிறார். லாக் சுவிட்சுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொள்கிறார். “நீங்களே அணைச்சிருங்கய்யா.” பெரியவர் ஏறி உட்கார்கிறார். அவருடைய கட்டைவிரல் சுவிட்சின் மேல் வெகுநேரம் கிடக்கிறது, பிறகு அழுத்துகிறது. சின்ன ஆரஞ்சு விளக்கு அணைகிறது. சீட்டு நன்றாகப் பின்னால் தள்ளியிருப்பதையும், பெரியவர் அதன் விளிம்பில் தொற்றிக்கொண்டு கிளட்சை எட்டி மிதிப்பதையும் மெக்கானிக் இப்போதுதான் பார்க்கிறார். முன்னால் நகர்த்திக் கொடுக்கக் குனிகிறார். பெரியவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். “சீட்டு இப்படியே இருந்தா எதுவும் உடையாதுல்ல தம்பி?”