ஜூரியில் ஒரு பெண்

1950-களில், அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் அந்தச் சின்ன ஊர் கோர்ட்டில், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஊர்க்காரர்களான ஜூரிக்காரர்கள் வரிசையாக உள்ளே போவதை வெர்னாவும் ஐடெல்லாவும் வராந்தாவில் நின்று பார்த்தார்கள்.

“ஒரு பொம்பளைகூட இல்ல, பாத்தியா?” என்றாள் வெர்னா.

“எப்படிடி இருக்கும்? ஆம்பளைங்களைக் கோர்ட்டே கூப்பிடுது. பொம்பளைன்னா நாமளா வந்து பேர் குடுக்கணும். நம்ம ஊர்ல எவ குடுத்தா?”

“புருஷனைக் கொன்னவ கதை இவங்களுக்கு என்ன புரியும்? ‘விட்டுட்டுப் போயிருக்கலாமே’ம்பாங்க.”

“ஒரு பொம்பளை இருந்தா, ‘எங்க போவா?’ன்னு கேட்டிருப்பா.”

ஐடெல்லாவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. “பேர் குடுங்கன்னு போன வருஷம் வீடு வீடா வந்தேனே! நீ வந்திருந்தா சர்ச்சுப் பொம்பளைங்க மொத்தமும் பின்னாடி வந்திருக்கும். நீ கதவைப் பாதி திறந்து, ‘அடுப்புல ஜாம் இருக்கு’ன்னு அனுப்பிட்டே.”

வெர்னா தலை குனிந்தாள். “அடுப்புல ஒண்ணும் இல்லடி. அன்னிக்கு அவர் அடிச்சதுல கண்ணு வீங்கிக் கெடந்துச்சு. உங்கிட்டக் காட்ட வெக்கமா இருந்துச்சு.”

ஐடெல்லா வாய் திறப்பதற்குள், தள்ளி நின்ற போலீஸ்காரர் அருகே வந்து வெர்னாவின் கையைப் பிடித்தார். “ஜட்ஜ் வந்துட்டாரும்மா.”

ஐடெல்லா பார்வையாளர் பெஞ்சுக்குப் போனாள். வெர்னா குற்றம் சாட்டப்பட்டவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஜூரித் தலைவர், மளிகைக்கடை ஹோமர். பழக்கத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தவர், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் “குற்றவாளி” என்று சொன்னபோதும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.