செயலி காட்டிய வீடு

எதிர்வீட்டுக்கு உறைமோர் வாங்கப் போனேன். கதவு திறந்திருந்தால் அதற்கு நானா பொறுப்பு? ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவரவர் ஊர் வீட்டுச் சாப்பாட்டைத் தேடித் தரும் செயலியை அந்த வீட்டுக் கிரிதரன் வடிவமைத்து, ஒரு மாதமாக வெள்ளோட்டம் விட்டிருந்தார். தேங்காயெண்ணெய் நாற்றம் வீட்டுக்குள் ஆகாதென்று மனைவி சுபலாவின் நாகர்கோவில் சமையலுக்கே தடை போட்ட மகான். அன்று செயலியைச் சோதிக்க, “நாகர்கோவில் தீயல்” என்று அந்த வறுத்த தேங்காய்க் குழம்பைத் தேடினார். முதலில் வந்தது அவர் வீட்டு முகவரி. கீழே குவிந்த பாராட்டுகள். முகம் வெளுத்துவிட்டது.

“சுபலா, இது நம்ம வீடு!”

“ஆமா. நீங்க ஆபீஸ் போன பொறவுதான் சமைப்பேன்.”

“அழிச்சிடுவேன்!”

“அழிங்க. மத்தியானம் சாப்பிட வாறவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க.”

முதன்முறையாக அவர் எதிரிலேயே வாணலியில் தேங்காயெண்ணெயை ஊற்றினாள். அவர் விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலேயே நின்றது.